உயிலில் பெயர் எழுதப்பட்டவர்

மயிலாப்பூரில் வீடு வைத்திருந்த ஒரு தகப்பனாரும் பெண்ணாடத்தில் வீடு வைத்திருந்த ஒரு தகப்பனாரும் ஒரே வாசகத்தில் உயில் எழுதிவைத்தார்கள் என்று கொள்வோம். இருவருக்கும் மூன்று பிள்ளைகள். இருவரும் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை மைத்துனரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அண்மைக்காலம் வரை இந்த இரண்டு மைத்துனர்களுக்கும் சட்டம் வைத்திருந்த வழி வேறு வேறு. மயிலாப்பூர்க்காரர் உயர் நீதிமன்றத்துக்குப் போய், உயிலை மெய்ப்பித்து, அதற்கான நீதிமன்றச் சான்றாகிய புரோபேட்டை வாங்கியாக வேண்டியிருந்தது. அது கையில் இல்லாமல் உயிலின் பேரில் எந்த நீதிமன்றத்திலும் உரிமையை நிலைநாட்ட முடியாமல் இருந்தது. பெண்ணாடத்துக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இந்த வேற்றுமைக்குக் காரணம் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 57ஆம் பிரிவையும் 213ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தால், இந்துக்களைப் பொறுத்தவரை வங்காளத்திலும் சென்னை, பம்பாய் நகர எல்லைக்குள்ளும் எழுதிய உயிலுக்கும், வேறெங்கு எழுதினாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் நிலம், வீட்டைப் பற்றிய உயிலுக்கும் மட்டுமே புரோபேட் கட்டாயமாக இருந்தது. முஸ்லிம்களுக்கு இந்த விதி இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்தது. 1870இல் வந்த இந்து உயில் சட்டம் கிழித்த கோடு இது. அந்தக் கோடு ஒன்றரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்க, திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. இனி மயிலாப்பூரும் பெண்ணாடமும் ஒன்று.

அதாவது, பெண்ணாடத்தில் இத்தனை காலமும் நடந்துவந்ததுதான் இனி சென்னையிலும் நடக்கப்போகிறது. அது நல்ல செய்தியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. புரோபேட் வாங்குவது செலவு, அலைச்சல், காலதாமதம், மறுக்கவில்லை. ஆனால் புரோபேட்டோடு ஒரு கட்டாயமும் சேர்ந்து வந்தது. 317ஆம் பிரிவின்படி, புரோபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் இறந்தவரின் சொத்துகள், வரவேண்டிய கடன்கள், கொடுக்கவேண்டிய கடன்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும்; ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டும். தெரிந்தே பொய்ப்பட்டியல் கொடுத்தால் அது குற்றம். புரோபேட் இல்லாத ஊரில் ஆறு மாதக் கெடுவும் இல்லை, ஓராண்டுக் கணக்கும் இல்லை, கேட்பாரும் இல்லை. கடமைகள் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் செய்தாரா என்று பார்க்கும் கண் மட்டும் இல்லை. அண்ணன் தம்பி சண்டை பெரும்பாலும் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

பெண்ணாடம் கடலூர் மாவட்டத்துப் பேரூராட்சி. பிரளயகாலேஸ்வரர் கோயிலும், சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் பிறந்த ஊர் என்ற பெயரும், விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் ரயில் நிலையமும், பக்கத்தில் இறையூர்ச் சர்க்கரை ஆலையும், சற்றுத் தள்ளி விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையும் கொண்ட ஊர். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் ஒரே இடத்தில் தங்குவதில்லை. மூத்தவர் ஊரோடு இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வார். இளையவர் ரயிலேறிச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பார். தங்கையை விருத்தாசலத்திலோ திட்டக்குடியிலோ கட்டிக்கொடுத்திருப்பார்கள். பேச்சுக்காக நான் எடுத்துக்கொள்ளும் குடும்பமும் இதுதான். தகப்பனார் உயிலில், "வீடு மூவருக்கும் சமபாகம், என் மனைவி இருக்கும்வரை அதில் இருக்க வேண்டியது, நிறைவேற்ற என் மைத்துனர்" என்று எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன்.

தாய்மாமன் என்றால் நம்மூரில் என்ன எதிர்பார்ப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவில் உட்கார்ந்து நியாயம் பேச வேண்டும். "மூத்தவன் அம்மாவைப் பாத்துக்கிட்டான், அவனுக்குக் கொஞ்சம் கூடப் போட்டா என்ன?" "தங்கச்சிக்கு முப்பது பவுன் போட்டு சீர் செஞ்சாச்சே, இன்னும் என்ன பங்கு?" இப்படிப் பேசிப் பேசியே ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் மாமாவின் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள்; மாமாவும் நினைக்கிறார். சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை அதைவிடச் சிறியது, அதைவிடக் கடினமானது. உயிலில் என்ன இருக்கிறதோ அதை நடத்திவைக்க வேண்டும். தகப்பனார் சமபாகம் என்று எழுதிய பிறகு, மூத்தவருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பிள்ளைகள் மூவரும் தாங்களே பேசி முடிவெடுத்தால் அது குடும்ப ஏற்பாடு. நீதிமன்றங்கள் அதை மதிக்கும், 1976இல் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பேச்சில் மாமா உட்காரலாம். ஆனால் நிறைவேற்றுபவர் என்ற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசக்கூடாது.

நிறைவேற்றுபவர் என்ற பதவி நமக்குப் பழையதும் அல்ல. 1802ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குமுறை ஒன்று இந்துக்களின் உயிலுக்கும் அதை நிறைவேற்றுபவருக்கும் இடம் கொடுத்திருந்தது. 1829ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குமுறை அதை ரத்துசெய்து, இந்துச் சட்டத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்கு மேல் உயிலுக்கு வலு இல்லை என்றது. கூட்டுக்குடும்பச் சொத்தில் ஒருவர் செத்தால் மிச்சமிருப்பவர் கைக்குப் போய்விடும் என்று நம்பிய சமூகத்துக்கு, செத்தவரின் விருப்பத்தை இன்னொருவர் நடத்திவைப்பது அந்நியமாகவே இருந்தது. பாகம் பிரிப்பது பெரியவர்கள் வேலை. பிரித்ததைக் கூர்சீட்டில் எழுதிக்கொண்டால் முடிந்தது. அந்தப் பழைய பெரியவரின் வேட்டியைத்தான் இந்தப் புதிய பதவிக்கும் கட்டிவிட்டிருக்கிறோம்.

சரி, மாமா எங்கே தொடங்க வேண்டும்? வீடு தகப்பனார் கொடுக்கக்கூடியதுதானா என்பதில். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையா, தாத்தா வழி வந்த பூர்வீகமா? கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பங்கை மட்டுமே ஒருவர் உயிலில் எழுத முடியும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அந்தப் பங்குக்கு அனுமதி தருகிறது, அதற்கு மேல் தரவில்லை. தாத்தா உயில் எழுதி அப்பாவுக்குக் கொடுத்த வீடு பேரனுக்குப் பூர்வீகம் ஆகுமா என்ற கேள்வி 1953இலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அருணாசல முதலியார் எதிர் முருகநாத முதலியார் என்ற அந்த வழக்கு தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வழக்கு. மகன் தகப்பன் மேல் பாகம் கேட்டுப் போட்டது. தந்தை உயில் மூலம் தந்த சொத்து தானாகவே பூர்வீகம் ஆகிவிடாது, எழுதியவர் என்ன எண்ணினார் என்பதை உயிலின் வாசகத்தில்தான் தேட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எனவே மாமா தாய்ப்பத்திரத்தை எடுத்துப் படிக்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். பெண்ணாடம் போன்ற ஊர்களில் பழைய வீடுகள் பல நத்தத்தில் இருக்கின்றன. நத்தம் பட்டா யார் பெயரில் வந்ததோ அவருக்கே வீடு என்று நினைத்துவிடுகிறார்கள். பட்டா ஒரு சான்று. அதுவே உரிமை ஆகாது.

பூர்வீகம் என்று தெரிந்தால் தங்கையின் கணக்கு மாறும். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே மகள்களைக் கூட்டுக்குடும்பப் பங்காளியாக ஆக்கியது, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களைத் தவிர்த்து. 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தவிர்ப்பையும் நீக்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், பிறப்பாலேயே மகளுக்கு உரிமை, தகப்பன் 2005இல் உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியிருக்கும் வீட்டைப் பற்றி இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 2005க்கு முன், உயில் இல்லாமல் தகப்பனார் இறந்து, குடும்பத்தார் வசிக்கும் வீடு இருந்தால், ஆண்கள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருந்தது. அது போய் இருபது ஆண்டாகிறது. "பொறந்த வீட்டுல வந்து பாகம் கேக்கறதா?" என்ற பேச்சு மட்டும் போகவில்லை. சீர் செய்தது வேறு, பங்கு வேறு. உயிலில் சமபாகம் என்று இருந்தால் முப்பது பவுனைக் கழிக்க மாமாவுக்கு வழியில்லை. கழிக்க வேண்டும் என்று தகப்பனார் எழுதியிருந்தால்தான் உண்டு.

அடுத்தது உயிலை மெய்ப்பிக்கும் வேலை. பதிவு செய்த உயில் என்றால் மறுபேச்சில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமும் இல்லை, பதிவு செய்துவிட்டதால் மெய்ப்பிக்கும் பொறுப்பு தீர்வதும் இல்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும்; தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது உயிரோடிருந்து வரக்கூடியவராக இருந்தால் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். இந்த மண்ணில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. பெரியபுராணத்தில், சுந்தரருடைய கல்யாணப் பந்தலில் வந்து, அவர் பாட்டனார் எழுதியதாக அடிமை ஓலை காட்டிய கிழவரின் வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில்தான் தீர்ந்தது. சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை. சபை மூல ஓலையைக் கேட்டு, பாட்டனார் எழுத்தை அவருடைய வேறொரு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னது. பெண்ணாடத்தில் பிறந்த மெய்கண்டார் வளர்ந்ததாகச் சொல்லப்படும் ஊரும் அதுதான். மூலத்தைக் காட்டு, கையெழுத்தை ஒப்பிடு, சாட்சியைக் கூப்பிடு: இன்றைய சான்றுச் சட்டமும் கேட்பது இவற்றைத்தான்.

சந்தேகம் எங்கே விழும் என்பதை 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்னது. உயிலைத் தயாரிப்பதில் முன்நின்றவரே அதனால் பெரிய பயன் அடைபவராகவும் இருந்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சுமை உயிலைக் கொண்டுவருபவர் தலையில். வேறொரு குடும்பத்தில் மூத்தவர்தான் அப்பாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார், அவர்தான் பத்திர எழுத்தருக்குப் பணம் கொடுத்தார், அவரே நிறைவேற்றுபவர், வீட்டில் பெரும்பங்கும் அவருக்கே என்றால், உயில் உண்மையாகவே இருந்தாலும் தம்பிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். இந்த வகைக் குடும்பங்களில் கட்டாயம் இல்லாவிட்டாலும் புரோபேட் வாங்கிவிடுவதே மேல் என்பது என் கருத்து. மாவட்ட நீதிமன்றம் கடலூரில் இருக்கிறது. எல்லா வாரிசுகளுக்கும் அறிவிப்புப் போகும். எதிர்ப்பு வந்தால் முழு வழக்காக நடக்கும். கிடைத்த புரோபேட் எல்லோரையும் கட்டும். பத்து வருஷம் கழித்து யாரும் வந்து "அது அப்பா கையெழுத்தே இல்லை" என்று சொல்ல முடியாது. ஆனால் புரோபேட் நீதிமன்றம் உயில் உண்மையா என்று மட்டுமே பார்க்கும். வீடு அப்பாவுடையதுதானா என்பதைத் தீர்க்காது. அதற்கு வேறு வழக்குத்தான்.

இனிதான் கணக்கு. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 211ஆம் பிரிவின்படி இறந்தவரின் சொத்து முழுவதும் நிறைவேற்றுபவர் என்ற முறையில் மாமாவிடம் வந்து நிற்கிறது. அனுபவிக்க அல்ல, ஒப்படைக்க. அவர் முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் போட வேண்டும் என்பேன். வீடு, அதன் அளவு, நான்கெல்லை, ஓட்டுக்கூரையா தளமா, எந்த அறை பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம். பீரோவில் இருந்த நகை என்ன, எடுத்தது யார். வங்கிக் கணக்கில் எவ்வளவு. ஆலைக்குப் போட்ட கரும்புக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு. பீங்கான் பேட்டைச் சூளையில் பங்கு இருந்தால் அதன் கூட்டாளி யார். கூட்டுறவுச் சங்கக் கடன், கைமாற்று, சீட்டுப் பணம். நகையைப் பட்டியல் போடுவது சாவு வீட்டில் அசிங்கமாகத் தெரியும். போடாமல் விட்டால் மூன்று மாதத்தில் அந்த நகையே சண்டையின் முதல் காரணமாகிவிடும். புரோபேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எழுதி, மூவரிடமும் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட வேண்டும். 317ஆம் பிரிவு கேட்கும் பட்டியலை, அது கேட்காத ஊரிலும் தானாகவே செய்வது என்று இதைச் சொல்லலாம்.

பணம் கொடுப்பதிலும் சட்டம் வரிசை வைத்திருக்கிறது. ஈமச் செலவும், கடைசி ஒரு மாத மருத்துவச் செலவும் முதலில். பிறகு புரோபேட் செலவு. பிறகு கடைசி மூன்று மாதத்துக்குள் வேலை செய்தவர்களின் கூலி. பிறகு மற்ற கடன்கள். இவை தீர்ந்த பின்பே பிள்ளைகளுக்குப் பங்கு. ஈமச் செலவு இறந்தவரின் தகுதிக்கேற்ற நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்கிறது 320ஆம் பிரிவு. கருமாதிக்கு எத்தனை பந்தி, எத்தனை வேட்டி சேலை என்று கணக்குக் கேட்கும் தம்பியை எல்லோரும் ஏசுவார்கள். சட்டத்தில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அண்ணன் ஊர் மெச்சச் செய்த செலவு முழுவதையும் சொத்திலிருந்து எடுக்க முடியாது.

பங்கு கொடுப்பதற்கு அவசரம் இல்லை. இறந்த நாளிலிருந்து ஓராண்டு வரை யாருக்கும் பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்று நிறைவேற்றுபவரை நெருக்க முடியாது, 337ஆம் பிரிவு. இங்கிலாந்தின் சொத்து நிர்வாகச் சட்டமும் அதே 1925இல் வந்ததுதான், அதன் 44ஆம் பிரிவும் அதே ஓராண்டைத் தருகிறது. கடன்காரர் யார் யார் என்று தெரிந்துகொள்ள அந்த அவகாசம். அதற்கு முன்பே பங்கு கொடுத்துவிட்டுப் பிறகு கடன் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் மாமாதான். தவறாகச் செலவழித்தால் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும் அவருடையதே.

அந்த ஓராண்டில் வீட்டில் இருப்பவர் யார் என்பதுதான் உயில்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விஷயம். சண்டை சுவரில் இல்லை, இடைக்காலத்தில் இருக்கிறது. மூத்தவர் குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டு வரி, மின்கட்டணம், ஓடு மாற்றியது எல்லாம் அவர் செலவு. தம்பி கேட்கிறார்: "என் பங்குக்கு வாடகை எங்கே?" அண்ணன் கேட்கிறார்: "நான் போட்ட செலவு எங்கே?" இரண்டுமே நோட்டில் ஏற வேண்டியவை. அம்மாவுக்கு இருக்கும் உரிமையைத் தொடாமல், மூத்தவர் இருப்பது யார் அனுமதியில், எதுவரை, என்ன செலவு அவருடையது, என்ன செலவு சொத்துடையது என்று ஒரு பக்கத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டால், பாதி வழக்கு அங்கேயே நின்றுவிடும். எழுதாமல் விட்ட வருஷங்கள் பின்னால் "அனுபோகம்" என்ற பெயரில் திரும்பி வரும்.

அம்மாவின் உரிமையும் அத்தனை எளிதல்ல. ஆயுள்பாத்தியம் என்று எழுதிவிட்டால் அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவால் அந்தப் பெண்ணின் முழு உடைமையாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் தீர்ப்பானது. உயிலில் முதன்முறையாக, கட்டுப்பாட்டோடு கொடுத்த உரிமை அப்படி ஆகாது. எது எந்த வகை என்பது வாசகத்தையும் குடும்ப வரலாற்றையும் பொறுத்தது. அம்மா தங்கைக்குச் செட்டில்மெண்ட் எழுதிக்கொடுக்கக் கிளம்பினால், "அதெல்லாம் செல்லாதுக்கா" என்று மாமாவே தீர்ப்புச் சொல்லக்கூடாது. வழக்கறிஞரிடம் போக வேண்டிய இடம் அது. அந்தச் செலவும் நோட்டில் ஏறும்.

மாமாவுக்குப் பதில் மூத்தவரே நிறைவேற்றுபவராக இருந்தால்? நம்மூரில் பாதி உயில்கள் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 310ஆம் பிரிவை அவர் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்: நிறைவேற்றுபவர் இறந்தவரின் சொத்தை நேராகவோ மறைமுகமாகவோ வாங்கினால், அதில் அக்கறையுள்ள யார் கேட்டாலும் அந்தக் கிரயம் ரத்தாகக்கூடியது. மனைவி பெயரில், மச்சான் பெயரில் வாங்கினாலும் அதே கதிதான். விலை நியாயமாக இருந்தது என்பது மட்டும் அவரைக் காப்பாற்றிவிடாது. வீட்டை எடுத்துக்கொள்ள விரும்பும் பிள்ளை, நிறைவேற்றும் பொறுப்பை ஏற்கவே கூடாது என்பது என் முடிவு. பொறுப்பை மறுக்கச் சட்டத்தில் வழி உண்டு. நீதிபதி முன் வாயாலும் சொல்லலாம், எழுத்திலும் கொடுக்கலாம். சம்பளமும் பெரிதாக ஒன்றும் கிடைக்காத வேலை இது. உள்ளூரில் இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் கெட்ட பெயர்தான்.

விற்கும் அதிகாரத்தையும் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். 307ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. உயிலில் தடை இருந்தால் அந்தத் தடை கட்டும், புரோபேட் கொடுத்த நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால் ஒழிய. வீட்டை இன்னார் இன்னாருக்கு என்று குறிப்பிட்டு எழுதிய பிறகு, கடன் தீர்க்கும் தேவை இல்லாமல் அதை விற்க மாமா கிளம்பினால் உயிலையே மீறியவர் ஆவார். நடைமுறையில் வாங்குபவரும் வங்கியும் அவர் கையெழுத்தோடு விடுவதில்லை, எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்பார்கள். அதனால்தான் நம்மிடம் வீட்டு விற்பனைகள் ஒரே ஒரு பிள்ளையின் பிடிவாதத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன.

தமிழ்நாடு அறிந்த பெரிய உதாரணம் எம்.ஜி.ஆரின் உயில். 1987 ஜனவரியில் எழுதினார்; அதே ஆண்டு டிசம்பர் 24இல் மறைந்தார். நிறைவேற்ற வழக்கறிஞர் என்.சி.ராகவாச்சாரியை நியமித்திருந்தார். ராமாவரம் தோட்டத்து வீட்டில் ஜானகி அம்மையார் 1996இல் மறையும்வரை இருந்தார். தோட்டத்தில் ஒரு பகுதி காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளின் பள்ளிக்கானது. அந்தப் பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. ஆற்காடு தெரு வீடு நினைவில்லம் ஆயிற்று. பொதுவில் பார்த்தால் உயில் நடந்தேறியது. ஆனால் ஆயுள் உரிமைகளும் தொடர்ந்து நிர்வகிக்க வேண்டிய சொத்தும் உள்ள உயில், நிறைவேற்றுபவரின் காலத்தையும் தாண்டி நீளும். பின்னாளில் நிர்வாகத்தில் தகராறு எழுந்து, உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நிர்வாகியாக வைக்க வேண்டிவந்தது. நிறைவேற்றுபவரின் பதவி அவருடைய பிள்ளைக்குப் போகாது. அவர் வேலையை முடிக்காமல் இறந்தால் நீதிமன்றம் வேறொருவருக்கு நிர்வாகப் பத்திரம் தர வேண்டும். பெண்ணாடத்துத் தகப்பனார் தன் வயதொத்த மைத்துனரை மட்டும் எழுதுவது இந்த வகையில் பெரிய குறை.

நேர் எதிர் உதாரணம் போயஸ் தோட்டத்து வேதா நிலையம். 1967இல் ஜெயலலிதாவின் தாய் சந்தியா வாங்கிய வீடு. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5இல் மறைந்தபோது நிறைவேற்ற உயிலும் இல்லை, நிறைவேற்றுபவரும் இல்லை. சொத்தை நிர்வகிக்கத் தங்களை நியமிக்கக் கோரிக் கட்சிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அரசு வீட்டை நினைவில்லமாக்கக் கையகப்படுத்தியது. 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் அண்ணன் பிள்ளைகளான தீபாவையும் தீபக்கையும் வாரிசு என்றது. 2021 நவம்பரில் கையகப்படுத்தல் ரத்தானது. அந்த டிசம்பரில்தான் சாவி அவர்கள் கைக்கு வந்தது. ஐந்து ஆண்டு. அதில் 2020 தீர்ப்பு வரும்வரை வீட்டுக்குப் பதில் சொல்லக் குடும்பத்தில் சட்டப்படி ஒருவர் இருந்ததில்லை.

மாமாவே கோணலாக நடந்தால் பிள்ளைகள் என்ன செய்வது? 301ஆம் பிரிவின்படி நிறைவேற்றுபவரை நிறுத்திவைக்கவும் நீக்கவும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு. பெண்ணாடத்திலிருந்து அதற்குச் சென்னை போக வேண்டும். பொதுவாக யாரும் போவதில்லை; அதற்குப் பதில் விருத்தாசலம் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கைப் போட்டு, அதில் மாமாவையும் ஒரு பிரதிவாதி ஆக்குகிறார்கள்.

அந்த வழக்கு உண்மையில் எப்போது வர வேண்டியது என்பதில்தான் நிறைவேற்றுபவரின் எல்லை தெரிகிறது. கடன்கள் தீர்ந்து, கணக்கு முடிந்ததும், பங்கைப் பெறுபவர்களுக்கு அவர் இசைவு கொடுக்க வேண்டும். 332ஆம் பிரிவின்படி அந்த இசைவோடுதான் அவர்களுடைய உரிமை முழுமை அடைகிறது. வாய்மொழியாகவும் கொடுக்கலாம். எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு. கொடுத்த பிறகு வீடு மூவருடையது. அதை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி மூவருடையது. ஒருவர் மற்ற இருவரின் பங்கை எடுத்துக்கொண்டு விடுதலைப் பத்திரம் வாங்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கும் பாகப்பிரிவினைக்கும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு இருப்பதால் செலவு அவ்வளவு கடிக்காது. முடியாவிட்டால் வழக்கு: முதல்நிலைத் தீர்ப்பில் பங்கு தீர்மானமாகும், வழக்கறிஞர் ஆணையர் வந்து அளப்பார், பிறகு இறுதித் தீர்ப்பு. முப்பதடி அகல வீட்டை மூன்றாக வெட்ட முடியாது என்று ஆணையர் சொன்னால் 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் உதவிக்கு வரும். பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். அப்போது மற்றவர் மதிப்பீட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று முன்வரலாம். மனம் கசந்த தம்பி தன் மூன்றில் ஒரு பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த ஆள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 4ஆம் பிரிவு அண்ணனுக்கு அந்தப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை தருகிறது. அதுவரையும் அந்த வெளியாள் வீட்டுக்குள் வந்து குடும்பத்தோடு கூட இருக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு விடாது.

இந்தக் கட்டத்தில் மாமா ஒரு சாட்சி, அவ்வளவே. குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்கப்படுவது யார் நல்ல பிள்ளை என்பதாக இருக்காது. தகப்பனார் இறந்த அன்று பீரோச் சாவி யாரிடம் இருந்தது, ஓடு மாற்றிய பணம் யாருடையது, கரும்புப் பாக்கி எந்தக் கணக்கில் வந்து விழுந்தது, இசைவு கொடுத்தது எந்தத் தேதி என்றுதான் கேட்பார்கள்.